பச்சைக் கறியா, பாக்கெட் தீனியா? உங்கள் நாய்க்குட்டிக்கு எது நல்லது?

வீட்டுக்குப் புதுசாக ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறதா? வாழ்த்துக்கள்! பேர் வைத்தாயிற்று. பழைய சாக்கை நாலாக மடித்துப் படுக்கையும் போட்டாயிற்று. அடுத்து என்ன? சாப்பாடு!

இங்கேதான் வீட்டுக்குள் கட்சி பிரியும். "பாலும் சோறும் பிசைஞ்சு வெச்சாப் போதும், எங்க காலத்துல அப்படித்தான் வளர்த்தோம்" என்பார் பாட்டி. "கோழிக்கடையில சொல்லி வெச்சா காலும் கழுத்தும் தனியா எடுத்து வைப்பாங்க. பச்சையாவே போடுங்க சார், சும்மா புலி மாதிரி வளரும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். நாய்க்குட்டி விற்றவரோ ஒரு பாக்கெட் தீனியைக் கையில் கொடுத்து, "இதைத் தவிர வேற எதையும் கொடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

யார் பேச்சைக் கேட்பது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து வாசகர்களுக்கு இந்தக் கேள்வி ரொம்பவே முக்கியம். தனி வீடு, பக்கத்தில் காலி மனை, எஸ்டேட்டில் நைட் ஷிப்ட்டுக்குப் போகும் வீட்டுக்காரர்... காவலுக்கு ஒரு நாய் இருந்தால் தேவலை என்று தோன்றுவது சகஜம். நாட்டு நாய் இருந்த இடத்தில் இப்போது லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் ராட்வீலரும் வந்துவிட்டன. தெருவுக்குத் தெரு கோழிக்கடையும் இருப்பதால், பச்சைக் கறி கைக்கெட்டும் தூரத்தில், குறைந்த விலையில் கிடைக்கிறது. ஆகவே, முதல் ஒரு வருஷம் குட்டிக்கு என்ன போடலாம், என்ன போடக் கூடாது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

ஒரே வருஷத்தில் அறுபது மடங்கு!

மனிதக் குழந்தை பிறக்கும்போது சுமார் 3 கிலோ இருக்கும். முதல் பிறந்தநாள் வரும்போது 9 கிலோ, 10 கிலோ. அதாவது மூன்று மடங்கு.

லேப்ரடார் குட்டி? பிறக்கும்போது அரைக் கிலோகூடத் தேறாது. 400 கிராம், 450 கிராம் இருந்தால் பெரிது. ஆனால் ஒரு வயது ஆவதற்குள் 27, 28 கிலோவைத் தொட்டுவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது மடங்குக்கும் மேல்!

இந்த வேகத்தில் எலும்பு வளர வேண்டும் என்றால் சாப்பாட்டில் எத்தனை சத்து இருக்க வேண்டும்! வளர்ந்த நாய்க்குச் சில மாதங்கள் சாப்பாட்டில் முன்னே பின்னே இருந்தால்கூடச் சமாளித்துக்கொள்ளும். குட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. மூன்றாவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரை நடக்கும் தவறு, காலில் வளைவாக நிரந்தரமாகத் தங்கிவிடலாம். பெரியவர்கள் நாய்க்கு நல்லதாகத் தோன்றும் சாப்பாடு குட்டிக்கு ஆகாமல் போவது இதனால்தான்.

பச்சைக் கறிக் கட்சி என்ன சொல்கிறது?

நாய்க்குப் பச்சைக் கறி போடுவது உலகத்துக்குப் புதிதல்ல. ஆனால் அதை ஒரு கொள்கையாகவே பரப்பியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கால்நடை டாக்டர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். 1993-ல் அவர் எழுதிய புத்தகம் பல நாடுகளில் பரபரப்பாகப் பேசப்பட்டது. அவர் வாதம் இதுதான்: நாய் ஓநாயின் வாரிசு. ஓநாய் அடுப்பு மூட்டிச் சமைக்கிறதா என்ன? பச்சைக் கறி, சதையோடு கூடிய எலும்பு, ஈரல், கொஞ்சம் காய்... இதுதான் நாயின் இயற்கை உணவு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அனுபவத்தில் கண்டவர்களும், "முடி பளபளன்னு ஆயிடுச்சு, மலம் கம்மியாப் போகுது, தட்டைக் காலி பண்ணிடுது" என்கிறார்கள். இதெல்லாம் பொய்யில்லை. கறியில் கொழுப்பு ஜாஸ்தி, அதனால் முடி மினுக்கும். சுலபமாகச் செரிப்பதால் கழிவு குறையும். ஆனால் கொழுப்பும் புரதமும் சரியாக உள்ள எந்த உணவைக் கொடுத்தாலும் இதே பலன் கிடைக்கும். பச்சையாகப் போட்டால்தான் என்பதில்லை.

சரி, ஓநாய் வாதத்துக்கு வருவோம். ஓநாய் தின்பது போன்லெஸ் சிக்கன் அல்ல. முயலோ மானோ, தோல், எலும்பு, குடல், ரத்தம் எல்லாம் சேர்த்துத் தின்கிறது. கோழிக்கடையில் நமக்குக் கிடைப்பது நாலு கால், ரெண்டு கழுத்து. அது வேறு, இது வேறு. அதோடு, காட்டில் பிறக்கும் ஓநாய்க் குட்டிகளில் பல, முதல் வருஷத்தைத் தாண்டுவதே இல்லை.

இன்னொன்று. நாய் இப்போது ஓநாயும் இல்லை! 2013-ல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான். நாயிடமோ 4 முதல் 30 பிரதிகள் வரை! ஆயிரக்கணக்கான வருஷங்களாக மனிதன் போட்ட சோற்றையும் ரொட்டியையும் தின்று தின்று, அதன் உடம்பே அதற்கேற்ப மாறிவிட்டது. ஆக, 'நாய்க்குச் சோறே ஆகாது' என்பது தப்பு. 'சோறு மட்டும் போதும்' என்பதும் தப்பு.

முறுக்கு அச்சில் பிறந்த தீனி

பாக்கெட் தீனியின் கதை 1860-களில் லண்டனில் தொடங்குகிறது. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் கோதுமை மாவு, காய்கறி, இறைச்சி எல்லாம் சேர்த்துச் சுட்ட நாய் பிஸ்கட்டை விற்க ஆரம்பித்தார். பணக்காரர்களின் வேட்டை நாய்களுக்கு அது பிரமாதமாக விற்றது.

இப்போது நாம் பார்க்கும் உருண்டைத் தீனி வந்தது 1957-ல். அமெரிக்காவின் பியூரினா கம்பெனி கொண்டுவந்தது. செய்முறை நமக்குப் புரியாத ஒன்றல்ல. தானியம், இறைச்சித் தூள், கொழுப்பு, வைட்டமின் எல்லாவற்றையும் மாவாகப் பிசைந்து, நீராவியில் அழுத்தி வேகவைத்து, முறுக்கு பிழிகிற மாதிரி அச்சு வழியே தள்ளுகிறார்கள். வெளியே வந்ததும் அழுத்தம் குறைந்து 'பொஃப்' என்று உப்பும். துண்டு துண்டாக வெட்டி, உலர்த்தி, வாசனைக்காக மேலே கொழுப்பைத் தெளிப்பார்கள். அவ்வளவுதான்.

இதன் பெரிய சௌகரியம் என்ன? ஒவ்வொரு உருண்டையிலும் கால்சியம், பாஸ்பரஸ், துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின்-டி எல்லாம் கணக்குப் போட்டுச் சேர்த்திருப்பார்கள். வளரும் குட்டிக்கான தீனியில் ஈரம் நீக்கிய கணக்கில் புரதம் 22.5 சதவீதத்துக்கும், கொழுப்பு 8.5 சதவீதத்துக்கும், கால்சியம் 1.2 சதவீதத்துக்கும் குறையக் கூடாது என்று அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கம் அளவு வைத்திருக்கிறது. பெரிய கம்பெனிகள் பலவும் இந்த அளவையோ, ஐரோப்பிய அளவையோ வைத்துத்தான் தயாரிக்கின்றன.

எலும்புக் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பேப்பர், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குட்டி 5 கிலோ. வயது மூன்று மாதத்துக்குள். அதற்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 700 கலோரி தேவை. அந்த அளவு சாப்பாட்டில் சுமார் 2,100 மில்லிகிராம் கால்சியம் இருக்க வேண்டும்.

நீங்கள் ஆசையாக 200 கிராம் எலும்பில்லாத சிக்கனும், 100 கிராம் அரிசிச் சோறும் போடுகிறீர்கள். வயிறு நிறைந்துவிடும். கலோரியும் ஏறக்குறைய வந்துவிடும். கால்சியம்? 50 மில்லிகிராமைத் தாண்டாது! 2,100 எங்கே, 50 எங்கே?

"அதான் பால் ஊத்தறோமே..." என்கிறீர்களா? 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். பாலை வைத்தே ஈடுகட்ட வேண்டும் என்றால் அந்தச் சின்னக் குட்டி தினமும் ஒண்ணேமுக்கால் லிட்டர் பால் குடிக்க வேண்டும். அத்தனை பாலைக் குடித்தால் அடுத்த நாளே பேதிதான். தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை.

கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்குமா? ரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது. குறைந்தால் இதயமும் தசையும் வேலை செய்யாது. அதனால் கழுத்துப் பக்கம் உள்ள பாராதைராய்டு சுரப்பி, எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து எடுத்து ரத்தத்துக்கு அனுப்பும். கறியில் பாஸ்பரஸ் ஜாஸ்தி. 100 கிராம் சிக்கனில் கால்சியம் பத்துப் பதினைந்து மில்லிகிராம் என்றால் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம். இந்த ஏற்றத்தாழ்வு நிலைமையை இன்னும் மோசமாக்கும். குட்டிக்குக் கால்சியமும் பாஸ்பரஸும் கிட்டத்தட்டச் சமமாகவோ, கால்சியம் கொஞ்சம் கூடுதலாகவோதான் இருக்க வேண்டும்.

விளைவு? வெளியே பார்த்தால் குட்டி கொழுகொழுவென்றுதான் இருக்கும். உள்ளே எலும்பு மெலிந்துகொண்டே போகும். ஒரு நாள் நொண்டும். பாதம் தட்டையாகப் பரவும். முன்னங்கால் வில் மாதிரி வளையும். தூக்கினால் கத்தும். சோபாவிலிருந்து குதித்ததற்கே எலும்பு முறியும். 'சிக்கனைத் தவிர வேற எதுவும் கொடுத்ததில்லையே டாக்டர்' என்று சொல்லும் வீடுகளில்தான் இது வரும் என்பதுதான் சோகம்.

"வெயில்ல விளையாட விடறோம், வைட்டமின்-டி கிடைச்சிடும்" என்பது இன்னொரு தப்பான நம்பிக்கை. வெயில் பட்டால் நம் தோல் வைட்டமின்-டி தயாரிக்கும். நாயின் தோலுக்கு அந்தத் திறமை மிகக் குறைவு. அதற்குத் தேவையானது சாப்பாடு வழியாகத்தான் போக வேண்டும். சென்னை வெயில் எவ்வளவு அடித்தாலும் சரி.

கால்சியம் சிரப் வேண்டாமே!

இதைப் படித்ததும் மருந்துக்கடைக்கு ஓடிப்போய்க் கால்சியம் சிரப் வாங்கிவிடாதீர்கள். குட்டிக்கான நல்ல தீனி சாப்பிடும் குட்டிக்கு அதற்கு மேல் கால்சியம் கொடுப்பது ஆபத்து. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வீலர், கிரேட் டேன் போன்ற பெரிய ஜாதிகளுக்கு ரொம்பவே ஆபத்து.

காரணம், ஆறு மாதம் வரையுள்ள குட்டியின் குடலுக்கு 'போதும்' என்று கதவைச் சாத்தத் தெரியாது. வந்த கால்சியத்தை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். குறைந்தாலும் கோணல், கூடினாலும் கோணல்! அதனால்தான் பெரிய ஜாதிக் குட்டிகளுக்கான தீனியில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஒழிய சிரப்பும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்.

கறிக்கடையிலிருந்து தொட்டில் வரை

பச்சைக் கறியில் உள்ள இன்னொரு பிரச்னை நாயோடு நிற்பதில்லை. வீட்டுக் குழந்தை வரைக்கும் வரும்.

கோழிக்கறியில் சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற கிருமிகள் இருப்பது சாதாரணம். நாம் வேகவைத்துச் சாப்பிடுவதால் அவை செத்துவிடுகின்றன. பச்சையாகத் தின்னும் குட்டிக்கு வயிறு கெடலாம். கெடாமலும் போகலாம். அப்படிக் கெடாமல், துள்ளி விளையாடிக்கொண்டே மலத்தில் கிருமியை வெளியேற்றும் குட்டிதான் நமக்குத் தொந்தரவு. அது தன் பின்பக்கத்தை நக்கும். அதே நாக்கால் தரையில் தவழும் பாப்பாவின் முகத்தையும் நக்கும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010-லிருந்து 2012 வரை விற்பனையில் இருந்த பச்சை இறைச்சிச் செல்லப்பிராணி உணவு 196 மாதிரிகளைச் சோதித்தது. 15-ல் சால்மோனெல்லா, 32-ல் லிஸ்டீரியா! கர்ப்பிணிகளின் கருவையே பாதிக்கக்கூடியது லிஸ்டீரியா. 2012-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ சங்கம், நாய்க்கும் பூனைக்கும் பச்சை இறைச்சி கொடுக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது.

அது பேக்கிங் செய்து, உறையவைத்து விற்ற உணவு. நம் ஊரில்? மரக்கட்டையில் வெட்டி, ஒதுக்கிப் போட்ட கால், தலை, கழுத்து, மதியம் வரை கூடையில் கிடக்கும். வசதியான சூட்டில் பாக்டீரியா 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். இரண்டு மணி நேரத்தில் ஒன்று அறுபத்து நாலாகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலைவிட வசதியான சூடு அதற்கு ஏது?

"ஃப்ரீசர்ல வெச்சா சரியாயிடும்ல?" ஆகாது. உறைந்த நிலையில் சால்மோனெல்லா சாவதில்லை, தூங்குகிறது. வெளியே எடுத்ததும் விழித்துக்கொள்ளும்.

அடுத்தது ஆட்டு ஈரல், நுரையீரல். விலை மலிவு என்று பச்சையாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆடு, மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் ஒருவகை நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருக்கலாம். அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்கள் ஆயிரக்கணக்கில் வளரும். ஆறேழு வாரத்தில் நாயின் மலத்தில் புழு முட்டைகள் வர ஆரம்பிக்கும். அது கை, தரை, கீரை வழியாக நம் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி! வருஷக்கணக்கில் வெளியே தெரியாமல் வளர்ந்து, பல சமயம் ஆபரேஷன் வரைக்கும் கொண்டுபோய்விடும். 'ஹைடாடிட்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். தென்னிந்தியாவுக்குப் புதிய நோய் அல்ல. ஈரலை நன்றாக வேகவைத்தாலே இந்த வழி அடைபட்டுவிடும். எவ்வளவு சுலபம்!

பாக்கெட்டிலும் பழுது உண்டு

அதற்காகப் பாக்கெட் தீனியைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். 2007-ல் அமெரிக்காவில் மெலமைன் என்ற ரசாயனம் கலந்த கோதுமைப் பசை செல்லப்பிராணி உணவில் சேர்ந்துவிட, ஏராளமான நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. பல பிராண்டுகளைச் சந்தையிலிருந்து திரும்ப வாங்கினார்கள். 2020 டிசம்பரில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தின் அஃப்ளாடாக்சின் நஞ்சால் அங்கே 70-க்கும் மேற்பட்ட நாய்கள் செத்தன. 2012-ல் சால்மோனெல்லா கலந்த உலர் தீனியால் மனிதர்களுக்கே வயிற்றுப்போக்கு வந்தது. ஆகவே, பாக்கெட் தீனியைத் தொட்டாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் கவனிக்க வேண்டியவை:

* சாக்கைப் பிரித்து வைத்து, லூஸில் நிறுத்து விற்கும் தீனியை வாங்காதீர்கள். எப்போது பிரித்தார்கள், எந்தத் தேதி வரை நல்லது... ஒன்றும் தெரியாது.

* சின்னப் பாக்கெட்டாக, ஒரு மாதத்துக்குள் தீரும் அளவுக்கு வாங்குங்கள். மேலே தெளித்த கொழுப்பு காற்றுப் பட்டால் சிக்கு வாடை அடிக்கும்.

* பாக்கெட்டோடு டப்பாவில் வைத்து மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நமத்துப்போனதோ, பூஞ்சை வாடை அடிப்பதோ வேண்டவே வேண்டாம்.

* பாக்கெட் மேல் 'பப்பி' அல்லது வளரும் நாய்க்கு என்று போட்டிருக்கிறதா? 'முழுமையான, சமச்சீர் உணவு' என்று இருக்கிறதா? பெரிய ஜாதிக் குட்டிக்கு, 'லார்ஜ் ப்ரீட் பப்பி' என்று இருப்பதைத் தேடுங்கள். வெளிநாட்டு பிராண்டுதான் வேண்டும் என்பதில்லை.

அப்படியானால் வீட்டுச் சாப்பாடு?

தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் கணக்கோடு. வேகவைத்த கறி, முட்டை, மீன், சோறு, பூசணி, கேரட் எல்லாம் நல்ல சாப்பாடுதான். குறை, மேலே பார்த்த கால்சியக் கணக்கில்தான்.

"முட்டை ஓட்டைப் பொடி பண்ணிப் போட்டா?" நல்ல கேள்வி. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருப்பது நிஜம். ஆனால் அதில் பாஸ்பரஸ் இல்லை. வளரும் குட்டிக்கு இரண்டும் வேண்டும், துத்தநாகமும் தாமிரமும் அயோடினும் வேண்டும். ஆகவே, குட்டிக்கு முழுக்க முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவு செய்தால், அதன் எடையையும் ஜாதியையும் சொல்லிக் கால்நடை டாக்டரிடம் சத்துப் பவுடரும் அளவும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடை ஏற ஏற அளவும் மாறும். மாதம் ஒரு முறை காட்ட வேண்டும்.

இத்தனை மெனக்கெட முடியாதவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. பத்தில் ஒன்பது பங்கு குட்டித் தீனி, ஒரு பங்கு வீட்டுச் சாப்பாடு. நம் 5 கிலோ குட்டிக்கு அந்த ஒரு பங்கு என்பது ஒரு வேகவைத்த முட்டை. இந்த அளவில் சமச்சீர் கெடாது. பாட்டிக்கும் தன் கையால் ஏதாவது கொடுத்த திருப்தி!

எத்தனை வேளை? எவ்வளவு?

மூன்று மாதம் வரை: நாலு வேளை. தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள். அரை மணியில் சாப்பிடாவிட்டால் எடுத்துக் கொட்டிவிடுங்கள்.

மூன்றிலிருந்து ஆறு மாதம்: மூன்று வேளை.

ஆறு மாதத்துக்கு மேல்: இரண்டு வேளை. பெரிய ஜாதிகளுக்குக் குட்டித் தீனியை ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வரை தொடரலாம்.

5 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 190 கிராம் தீனி தோராயமான கணக்கு. பாக்கெட்டில் உள்ள அட்டவணையையும் பாருங்கள். 'ஒரு கை' என்று அள்ளிப் போடாமல் சமையலறைத் தராசில் நிறுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். அதுதான் சரியான உடல்வாகு. கொழுகொழு குட்டி அழகுதான், ஆனால் அந்த எடையைத் தாங்குவது இளம் மூட்டுகள்.

தீனியை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாதீர்கள். புதுசைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கூட்டி ஒரு வாரத்தில் மாற்றுங்கள். குடிதண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

சில சந்தேகங்கள்

*ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாயெல்லாம் கம்பங்கூழ் குடிச்சுத்தானே வளர்ந்தது?*

கூழோடு வயல்காட்டில் எலி, முயல் என்று எலும்போடு பிடித்துத் தின்னவும் அவற்றுக்கு வழி இருந்தது. முகப்பேர் அபார்ட்மென்ட்டில் சங்கிலியில் இருக்கும் குட்டிக்கு அந்த வழி ஏது? நாட்டு ஜாதிக் குட்டிக்கும் மேலே சொன்ன எலும்புக் கணக்கு பொருந்தும்.

*ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு போடலாமா?*

வேண்டாம். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். பச்சை எலும்பும் பல்லை உடைக்கும், குடலை அடைக்கும். மசாலாவில் வெங்காயமும் பூண்டும் வேறு!

*தயிர் சாதம்?*

வளர்ந்த நாய்க்கு வேளையில் ஒரு பங்காக இருக்கலாம். குட்டிக்கு அதுவே மூணு வேளை என்றால் புரதமும் போதாது, கால்சியமும் போதாது.

*எவ்வளவு சொன்னாலும் வீட்டுக்காரர் பச்சைக் கறிதான் என்கிறார்...*

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் வீட்டில் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றபடி அதே கறியை ஒரு கொதி கொதிக்க வைத்து, உள்ளே வரை வெந்ததும், எலும்பை எடுத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். குட்டி அதே ஆசையோடுதான் தின்னும்!

இதெல்லாம் விஷம்!

சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, பாயசத்தில் போடும் கிஸ்மிஸ், சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் உள்ள சைலிட்டால். வெங்காய சாம்பார் ஊற்றிப் பிசைந்த சோறும் இந்தப் பட்டியலில் அடக்கம். குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

உடனே ஓட வேண்டிய நேரம்

வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தப் பேதி, சோர்ந்து படுத்தல்... மூன்றும் சேர்ந்தால் 'ஏதோ சாப்பாடு ஒத்துக்கலை' என்று வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். பார்வோ வைரஸாக இருக்கலாம். 1978-ல் உலகமெங்கும் பரவிய இந்தக் கிருமி இன்றைக்கும் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளைக் கொண்டுபோகிறது. எந்தச் சாப்பாடும் இதைத் தடுக்காது, தடுப்பூசிதான் தடுக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் வரை போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் பூச்சி மருந்து.

நொண்டல், கால் வளைவு, தொட்டால் கத்துதல் தெரிந்தாலும் தாமதிக்காதீர்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சாப்பாட்டைச் சரிசெய்தால் பல குட்டிகள் தேறிவிடும். அருகில் உள்ள கால்நடை மருத்துவமனையில் காட்டலாம். பெரிய பரிசோதனை தேவை என்றால் வேப்பேரி இருக்கிறது. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி 1905-ல் வேப்பேரிக்கு வந்த சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. போகும்போது குட்டி இதுவரை என்னென்ன சாப்பிட்டது, எத்தனை கிராம், எத்தனை வேளை என்று ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

ஆக, முதல் ஒரு வருஷத்துக்கு முடிவு இதுதான்: குட்டிக்கான நல்ல பாக்கெட் தீனி, அல்லது டாக்டர் அளவு எழுதிக் கொடுத்த, வேகவைத்த வீட்டுச் சாப்பாடு. இரண்டில் உங்கள் வசதிக்கு எது ஒத்துவருகிறதோ அதைச் செய்யுங்கள். பச்சைக் கறி மட்டும் வேண்டாம். இன்றைக்குச் சாயங்காலமே குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். உங்கள் எடையைக் கழித்து வரும் எண்ணைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் மறுபடியும் பாருங்கள்!